வளைந்த நகரத்தை நேர்கோட்டில் வரைந்தவர்: ஹாரி பெக்

பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நகர ரயில் என்பது இன்னும் பழக்கமில்லாத ஒன்று. நமக்குப் பேருந்து உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெரி உண்டு, பினாங்கு மலைக்கு ஏற ஒரு ரயிலும் உண்டு. ஆனால் இங்கே ஏறி, அங்கே மாறி, வேறொரு மூலையில் இறங்கும் ரயில் வலை நம்மிடம் இல்லை. அதனால் முதன்முறையாக யார் துணையும் இல்லாமல் கோலாலம்பூருக்குப் போய் கே.எல். சென்ட்ரலில் இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், கொமுட்டர் என்று எத்தனையோ பெயர்கள். ஆனால் சுவரில் இருந்த வண்ண வரைபடத்தின் முன் ஒரு நிமிடம் நின்றதும் பயம் போய்விட்டது. புக்கிட் பிந்தாங் போக மோனோரெயில் ஏறினால் போதும், ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று புரிந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை.

பிறகு யோசித்தபோதுதான் அதில் ஒரு வினோதம் தெரிந்தது. எந்த வரைபடத்துக்கும் அளவுத்திட்டம் வேண்டும், வடதிசைக் குறி வேண்டும் என்று பள்ளியில் புவியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ரயில் வரைபடத்தில் தூரம் சரியில்லை, திசையும் முழுதாகச் சரியில்லை. உண்மையில் வளைந்து நெளிந்து போகும் பாதைகள் அதில் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடுகளாக இருக்கின்றன. புவியியல் தேர்வில் இப்படி வரைந்தால் மதிப்பெண் கிடைக்காது. இருந்தும் உலகில் பெரும்பாலான நகர ரயில் வரைபடங்கள் இப்படித்தான் இருக்கின்றன. சிங்கப்பூரில் பார்த்தாலும் இதே பாணிதான், 2015இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவிலும் இதே பாணிதான். இந்தப் பாணியை உலகுக்குப் பழக்கியவர் லண்டனில் வாழ்ந்த ஒரு சாதாரண வரைவாளர். அவர் பெயர் ஹாரி பெக்.

பல கம்பெனிகள், ஒரு சிக்கல்

ஹாரி பெக்கின் கதைக்கு முன் அவர் ஊரின் ரயில் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் முதல் நிலத்தடி ரயில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி லண்டனில் ஓடத் தொடங்கியது. அப்போது மின்சார ரயில் கிடையாது. சுரங்கத்துக்குள்ளேயே நீராவி எஞ்சின்தான் புகை கக்கிக்கொண்டு வண்டியை இழுத்தது. 1890இல்தான் ஆழமான சுரங்கத்தில் மின்சார ரயில் வந்தது. அதன் பிறகு தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பாதைகளை அமைத்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வரைபடம் இருந்தது. எல்லாப் பாதைகளையும் ஒரே தாளில் காட்டும் கூட்டு வரைபடம் 1908இல்தான் வந்தது.

அந்த வரைபடங்கள் எல்லாம் புவியியல்படி வரையப்பட்டவை. இங்கேதான் சிக்கல். லண்டனின் மையத்தில் நிலையங்கள் நெருக்கமாக இருந்தன. புறநகரிலோ ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பல கிலோமீட்டர் இருந்தது. முழுப் பாதையையும் ஒரு சிறிய தாளில் அடக்கினால் நடுப்பகுதிப் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். நடுப்பகுதியைப் பெரிதாக்கினால் புறநகர் தாளுக்கு வெளியே போய்விடும். 1925 முதல் ஸ்டிங்மோர் என்பவர் வரைந்த சட்டைப்பை வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் தூரப் பகுதிகளைக் காட்ட அதில் இடம் போதவில்லை. அதே காலத்தில் மக்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு வரைபடம் அதிகம் தேவைப்பட்டதோ அவர்களுடைய வீடே அதில் இல்லாத நிலை.

சமிக்ஞை அலுவலகத்து இளைஞர்

ஹென்றி சார்ல்ஸ் பெக் 1902ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி கிழக்கு லண்டனில் லெய்டன் என்ற பகுதியில் பிறந்தார். எல்லோரும் அவரை ஹாரி என்றே அழைத்தார்கள். 1920களின் நடுவில் லண்டன் நிலத்தடி ரயில் நிறுவனத்தின் சமிக்ஞைப் பொறியியல் அலுவலகத்தில் வரைவாளராக வேலைக்குச் சேர்ந்தார். அதுவும் தற்காலிக வேலைதான்.

சமிக்ஞை அலுவலக வரைவாளரின் வேலை என்ன? எந்த விளக்கு எந்த விசையோடு இணைகிறது, மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதைத் தாளில் காட்டுவது. மின்சுற்றுப் படத்தைப் பள்ளி இயற்பியலில் நாமும் வரைந்திருக்கிறோம். மேசையில் கம்பி எப்படி வளைந்து கிடந்தாலும் படத்தில் அது நேர்கோடுதான். கம்பியின் நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எது எதோடு இணைகிறது என்பதுதான் முக்கியம். இப்படிப்பட்ட படங்களோடுதான் பெக் நாள்தோறும் வேலை செய்தார். அவருடைய ரயில் வரைபடம் நேராக மின்சுற்றிலிருந்து பிறந்தது என்று பலர் எழுதுவதுண்டு. அது அவ்வளவு எளிதான கதை இல்லை. ஆனால் அந்த ஒற்றுமையை அவரே ரசித்தார். 1933இல் ஊழியர் பத்திரிகைக்காகத் தம் வரைபடத்தையே மின்சுற்றுப் படமாக மாற்றி வேடிக்கையாக ஒன்று வரைந்தார்.

உலகப் பொருளாதார மந்தம் 1930களின் தொடக்கத்தில் லண்டனையும் விடவில்லை. ரயில் நிறுவனம் செலவைக் குறைத்தது. முதலில் போனது தற்காலிக ஊழியர்களின் வேலை. பெக்கும் வேலை இழந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அடுத்த சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாத அந்த 1931ஆம் ஆண்டில்தான், யாரும் கேட்காத ஒரு வேலையை அவர் தாமாகவே செய்யத் தொடங்கினார்.

பயிற்சிப் புத்தகத்தில் பிறந்த எண்ணம்

பெக் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: நிலத்துக்கு அடியில் போகும் பயணிக்கு என்ன தெரிய வேண்டும்? ஜன்னலுக்கு வெளியே இருட்டுச் சுவர்தான். மேலே எந்தத் தெரு இருக்கிறது, ரயில் இடப்புறம் வளைகிறதா வலப்புறம் வளைகிறதா என்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்தப் பாதையில் ஏற வேண்டும், எத்தனையாவது நிறுத்தம், எங்கே மாற வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

இந்த எண்ணத்தோடு ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகத் தாளில் பென்சிலால் கோடுகளைப் போட்டார். எல்லாப் பாதைகளும் படுக்கையாக, செங்குத்தாக, அல்லது 45 பாகைச் சாய்வாக மட்டுமே போக வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார். நெருக்கமான நடுப்பகுதியை விரித்தார், நீண்டு கிடந்த புறநகரைச் சுருக்கினார். நிலையங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை ஏறக்குறைய சமமாக்கினார். சாதாரண நிலையத்துக்குக் கோட்டிலிருந்து ஒரு சிறு நீட்டல், மாறும் நிலையத்துக்கு ஒரு வைர வடிவம். தரைக்கு மேலே இருப்பவற்றில் தேம்ஸ் நதியை மட்டும் விட்டுவைத்தார். அதையும் கோணல் கோடாக நேர்ப்படுத்தினார். நதி ஒன்று இருந்தால் வடக்கு எது, தெற்கு எது என்று லண்டன்வாசி ஓரளவு கண்டுகொள்வார்.

பாதையை நேர்கோடாகக் காட்டுவதை முதலில் யோசித்தவர் பெக் என்று சொல்லிவிட முடியாது. ரயில் பெட்டிக்குள் ஒட்டப்படும் ஒற்றைப் பாதைப் படங்கள் அதற்கு முன்பே நேர்கோட்டில் இருந்தன. ஜார்ஜ் டவ் என்ற இன்னொரு வரைவாளரும் 1929 அளவில் வேறொரு ரயில் நிறுவனத்துக்கு இத்தகைய படங்களை வரைந்திருந்தார். ஆனால் ஒரு மாநகரத்தின் முழு நிலத்தடி வலையையும், எல்லா மாறும் இடங்களோடும், ஒரே சட்டைப்பைத் தாளில் தெளிவாகக் காட்டியது பெக்கின் சாதனை. அந்தப் பென்சில் படம் இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

முதலில் மறுப்பு, பிறகு ஏழு லட்சம்

பெக் தம் வரைபடத்தை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பினார். அவர்கள் நிராகரித்துவிட்டார்கள். தூரத்தைக் காட்டாத வரைபடமா, மக்கள் குழம்பிப்போவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. அதுவரை வரைபடம் என்றால் நிலத்தின் நகல்தான்.

பெக் விடவில்லை. 1932இல் மறுபடியும் அனுப்பினார். இந்த முறை 500 பிரதிகள் மட்டும் அச்சிட்டு, சில நிலையங்களில் வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. பயணிகள் அவற்றை ஆர்வமாக எடுத்துக்கொண்டார்கள். 1933 ஜனவரியில் சட்டைப்பை வரைபடமாக 7 லட்சம் பிரதிகள் அச்சாயின. பழைய வரைபடத்துக்கு இது புதிய வடிவம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்ற பொருளில் அட்டையிலேயே வேண்டுகோளும் இருந்தது. நிறுவனத்துக்கு அவ்வளவு தயக்கம். ஆனால் ஒரு மாதத்துக்குள் மறுபதிப்பு தேவைப்பட்டது. குழம்பிப்போவார்கள் என்று அஞ்சப்பட்ட அதே மக்கள் பார்த்தவுடனே புரிந்துகொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பெக்குக்குக் கிடைத்த ஊதியம் சில கினிகள்தான். வேலை இல்லாத காலத்தில், தம் சொந்த நேரத்தில் செய்த வேலைக்கு அவ்வளவே கிடைத்தது.

வரைபடம் சொல்லும் சின்னப் பொய்

பெக்கின் வரைபடத்தில் ஒரு குறையும் உண்டு. அது சொல்லாமல் விடும் உண்மையை நாம் மறந்துவிடுவோம். லண்டனில் லெஸ்டர் ஸ்குவேர், கோவன்ட் கார்டன் என்ற இரண்டு அடுத்தடுத்த நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்தில் அது மற்ற இடைவெளிகளைப் போலவே தெரிகிறது. அதனால் விவரம் தெரியாத சுற்றுப்பயணிகள் டிக்கெட் வாங்கி, கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, ஒரே ஒரு நிறுத்தம் போய், மறுபடியும் மேலே ஏறி வருகிறார்கள். நடந்திருந்தால் சில நிமிடங்களில் போயிருக்கலாம்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து பசார் செனிக்கு நானும் என் சித்தி மகளும் ரயிலில்தான் போனோம். ஒரே நிறுத்தம். இறங்கிச் சென்ட்ரல் மார்க்கெட்டில் சுற்றிவிட்டு, ஆற்றோரமாக நடந்தபோது, புறப்பட்ட இடத்துக்கே பத்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ரயில் வரைபடத்தில் வழி பார்த்தபின் கைப்பேசியில் உண்மையான தூரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவேன்.

நியூயார்க்கிலும் இதே பிரச்சினை பெரிதாக வெடித்தது. 1972இல் மாசிமோ விக்னெல்லி என்ற வடிவமைப்பாளரின் நேர்கோட்டு வரைபடம் அங்கே வெளியானது. தரைக்கு மேல் தெருக்களையும் பூங்காக்களையும் நன்கு அறிந்த நியூயார்க் மக்கள், எங்கள் சென்ட்ரல் பூங்கா ஏன் சதுரமாக இருக்கிறது என்று குறைபட்டார்கள். 1979இல் அந்த வரைபடம் மாற்றப்பட்டது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதற்கு ஒரே பதில் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இருபத்தேழு ஆண்டு உழைப்பு

வரைபடம் ஒருமுறை வரைந்தால் முடிந்துபோகும் வேலை இல்லை. ஒரு புதிய நிலையம் திறந்தால் அதற்கு இடம் வேண்டும். ஒரு பெயரை நுழைத்தால் பக்கத்துக் கோட்டை நகர்த்த வேண்டும். அந்தக் கோடு நகர்ந்தால் இன்னொரு பெயர் இடிக்கும். 1933க்குப் பிறகு 27 ஆண்டுகள் பெக் இந்த வேலையை விடாமல் செய்தார். 1947இல் நிறுவனத்தை விட்டு விலகி, லண்டனில் ஓர் அச்சுக்கலைக் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கிய பின்பும், வரைபடத்தைத் திருத்திக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. பாரிஸ் மெட்ரோவுக்கும் இதே முறையில் ஒரு வரைபடம் தயாரித்தார். அதை அந்த நகரம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தூரத்துச் சிட்னியில் 1939இலேயே அவருடைய பாணியைப் பின்பற்றிய ரயில் வரைபடம் வெளியாகிவிட்டது.

வரைபடத்தின் உரிமையை பெக் ஆரம்பத்திலேயே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு மாறாக, இனி அதில் எந்த மாற்றம் செய்தாலும் தம்மிடம்தான் தருவார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை உறுதியான ஒப்பந்தமாகத் தாளில் இல்லை. 1960இல் நிலையங்களில் ஒரு புதிய வரைபடம் தோன்றியது. அதை வரைந்தவர் நிறுவனத்தின் விளம்பர அதிகாரி ஹெரால்ட் ஹட்சிசன். கோணங்கள் கூர்மையாக, பெயர்கள் நெருக்கமாக, படிக்கச் சிரமமாக இருந்த அந்தப் படத்திலிருந்து பெக்கின் பெயர் காணாமல் போயிருந்தது.

அந்த அடியிலிருந்து பெக் மீளவே இல்லை. கடிதம் மேல் கடிதம் எழுதினார். சட்ட ஆலோசனை கேட்டார். கேட்பாரில்லாமலே புதிய விக்டோரியா பாதையைச் சேர்த்துத் தம் கையால் மாதிரிகள் வரைந்து அனுப்பினார். பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1964இல் ஹட்சிசனின் படம் கைவிடப்பட்டு, பால் கார்பட் என்ற இன்னொரு ஊழியரின் வரைபடம் வந்தது. பார்த்தவுடனே அது பெக்கின் முறைக்குத் திரும்பியது தெரிந்தது. அவருடைய எண்ணம் வென்றுவிட்டது. ஆனால் அந்தப் படத்திலும் அவர் பெயர் இல்லை. கடைசியில் போராட்டத்தை விட்டுவிட்டார். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி, 72ஆவது வயதில் காலமானார்.

பெக் செய்த தவறு என்ன என்று யோசித்தால், தம் உழைப்புக்கான நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி வாங்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலர் இன்று படித்துக்கொண்டே லோகோ வரைகிறோம், காணொளி தொகுக்கிறோம், கழகங்களுக்குச் சுவரொட்டி செய்கிறோம். தெரிந்தவர்தானே என்று எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. 1930களில் லண்டனில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூலையில் ஒரு வரி

பெக்கின் கதை அவரோடு மறைந்துபோகாமல் காத்தவர் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர். பெக்கை நேரில் அறிந்திருந்த அவர், 1994இல் இந்த வரைபடத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். 1990கள் முடிவதற்குள் லண்டன் வரைபடத்துக்கு பெக்கின் பெயர் திரும்பி வந்தது. 1931இல் ஹாரி பெக் உருவாக்கிய மூல வடிவத்தின் வளர்ச்சியே இது என்ற குறிப்பை இன்று அதன் மூலையில் பார்க்கலாம். வடக்கு லண்டனில் ஃபின்ச்லி சென்ட்ரல் நிலையத்தில் அவர் நினைவாகப் பழைய வரைபடம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 2006இல் பிரிட்டனின் தலைசிறந்த வடிவமைப்பு எது என்று பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, கன்கார்ட் விமானம் முதலிடமும் இந்த வரைபடம் இரண்டாமிடமும் பெற்றன. ஒன்று பல கோடி பவுன் செலவில் உருவானது. இன்னொன்று வேலை இழந்த ஒருவரின் பயிற்சிப் புத்தகத்தில் உருவானது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஜார்ஜ்டவுனுக்குத் தண்டவாளம் புதிதல்ல. நம் தாத்தா பாட்டி காலத்தில் இங்கே டிராம் ஓடியது. 1880களில் நீராவி டிராம், 1906 முதல் மின்சார டிராம், ஆயர் ஈத்தாம் வரை. 1936 அளவில் அது நின்றுபோனது. அதன் இடத்தைப் பிடித்த டிராலிபஸ்ஸும் 1961இல் விடைபெற்றது. பினாங்கு ரோடும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டை இன்றும் பார்க்கலாம்.

2025 ஜனவரியில் பினாங்கின் முதல் எல்.ஆர்.டி. பாதைக்கு வேலை தொடங்கியிருக்கிறது. முத்தியாரா பாதை என்று பெயர். தீவின் தெற்கிலிருந்து கொம்தார் வரை வந்து, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலை அடையும் திட்டம் அது. பாதை முடியும் நாளில் அதற்கும் ஒரு வரைபடம் வேண்டியிருக்கும். தேம்ஸ் நதியை பெக் ஒரு கோடாக விட்டுவைத்ததுபோல், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கடலை எப்படிக் காட்டுவது? ஃபெரி துறையைச் சேர்ப்பதா, விடுவதா? பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடங்களுக்கு நடந்தே போகலாம் என்பதை எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லப்போகிறவர் இப்போது நம் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் உண்டு. வரைந்து முடித்ததும் மூலையில் உங்கள் பெயரைப் போட மறக்காதீர்கள். அந்தப் பெயர் அங்கேயே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.